ஏசிக்குள் இருக்கும் வாயுவும் நம்முடைய பொறுப்பும்

2024-ஆம் ஆண்டின் ஹஜ்ஜை நம்மில் யாரும் எளிதில் மறந்துவிட முடியாது. மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1,300-க்கும் அதிகமானோர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். குளிரூட்டப்பட்ட கூடாரமோ பேருந்தோ கிடைக்காமல், வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அல்லாஹ் அவர்களுடைய பிழைகளைப் பொறுத்து, அவர்களின் ஹஜ்ஜை ஏற்றுக்கொள்வானாக.

அந்த நாட்கள் நமக்கு ஓர் உண்மையைச் சொல்லிச் சென்றன. கடும் வெப்பத்தில் நிழலும் குளிர்ச்சியும் ஆடம்பரம் அல்ல, உயிர் காக்கும் தேவை. நம் ஊரிலும் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வீட்டில் முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் இருந்தால் சித்திரை, வைகாசி மாதங்களில் ஏசி இல்லாமல் இரவைக் கழிப்பது சிரமம் என்று இன்று பல குடும்பங்கள் சொல்கின்றன. பள்ளிவாசல்களிலும் ஏசி பரவலாகிவிட்டது.

ஆனால் நம்மைக் குளிர்விக்கும் இதே இயந்திரம் உலகைச் சூடாக்கவும் செய்கிறது. அப்படியானால் ஏசியை விட்டுவிட வேண்டுமா? அது தீர்வாகாது. புவி வெப்பமடைதலைப் பற்றிப் பேசும்போது, 'உலக நாடுகள் கூடிப் பேசிக் கலைகின்றன, ஒன்றும் நடப்பதில்லை' என்ற அலுப்பு நமக்கு வந்துவிடுகிறது. ஏசி, ஃபிரிட்ஜ் வாயுக்களின் வரலாறு அந்த அலுப்புக்கு நல்ல பதில். இங்கே சட்டமும் தொழில்நுட்பமும் உண்மையாகவே வேலை செய்திருக்கின்றன. மீதி வேலையில் ஒரு பங்கு நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது.

குளிர்ச்சி எப்படி வருகிறது?

ஒளூ செய்துவிட்டு ஈரக் கைகளோடு காற்றில் நின்றால் சில்லென்று இருக்கும். தண்ணீர் ஆவியாகும்போது நம் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதே காரணம். மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதும் இதனால்தான்.

ஏசியும் இதையே செய்கிறது. குழாய்க்குள் ஓடும் ஒரு திரவம், அறைக்குள் இருக்கும் பகுதியில் ஆவியாகி, அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. வெளியே இருக்கும் பெட்டியில் கம்ப்ரஸர் அந்த வாயுவை அழுத்துகிறது. அது மீண்டும் திரவமாகும்போது, இழுத்த வெப்பத்தை வெளியே விட்டுவிடுகிறது. ஆக, ஏசி குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அண்டை வீட்டு ஜன்னலுக்கு நேராக வெளிப்பெட்டியை மாட்டினால், நம் அறையின் சூட்டை அவர்கள் அறைக்குள் தள்ளுகிறோம். அண்டை வீட்டாரின் உரிமையை இவ்வளவு வலியுறுத்திய மார்க்கத்தில் இருக்கும் நாம், ஏசி மாட்டும் இடத்தையும் அந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும்.

ஏசியால் உலகம் சூடாவது இரண்டு வழிகளில். ஒன்று மின்சாரம். நம் நாட்டில் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. இரண்டாவது, குழாய்க்குள் ஓடும் வாயு. இது வெளியே கசிந்தால், கார்பன் டை ஆக்சைடைவிடப் பல நூறு மடங்கு, சில வகைகளில் பல ஆயிரம் மடங்கு அதிகமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். முதல் வழியை மின்கட்டண ரசீது நமக்குக் காட்டிவிடுகிறது. இரண்டாவது வழிக்கு ரசீது இல்லை. அதனால் அது நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

உலகம் ஒன்றுபட்ட ஓர் ஒப்பந்தம்

தொடக்க கால ஃபிரிட்ஜுகளில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. கசிந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து. 1928-இல் அமெரிக்காவில் சி.எஃப்.சி. என்ற வகை உருவாக்கப்பட்டது. எரியாது, நச்சும் இல்லை, விலையும் குறைவு. உலகமே அதை வரவேற்றது. ஃபிரிட்ஜ், ஏசி, வாசனைத் தெளிப்பான், ஃபோம் மெத்தை என்று எல்லாவற்றிலும் அது நுழைந்தது.

1974-இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். கீழே எதனாலும் அழியாத இந்த வாயு மெல்ல மேலே சென்று, சூரியனின் புற ஊதாக் கதிரில் உடைந்து, ஓசோன் படலத்தை அரிக்கும் என்றார்கள். ஓசோன் என்பது அல்லாஹ் பூமிக்கு மேலே விரித்திருக்கும் பாதுகாப்புக் கூரைபோல. அது மெலிந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் அதிகரிக்கும், பயிர்கள் பாதிக்கப்படும். தொழில் நிறுவனங்கள் முதலில் இதை ஏற்கவில்லை. 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டறிந்த பிறகு விவாதத்துக்கு இடம் குறைந்தது.

1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பேச்சுவார்த்தைகளை முன்னின்று நடத்தியவர் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அன்றைய தலைவர் முஸ்தஃபா கமால் தொல்பா. எகிப்தைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர். 1975 முதல் 1992 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர். வல்லரசுகளையும் ஏழை நாடுகளையும் இரசாயன நிறுவனங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த இந்த மனிதரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று இந்த ஒப்பந்தத்தில் உலகின் எல்லா நாடுகளும் உறுப்பினர்கள். 2019-இல் பாலஸ்தீனமும் இணைந்தது. தடை செய்யப்பட்ட பொருள்களில் ஏறத்தாழ 99 சதவீதம் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. இப்போதைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், அண்டார்டிகாவில் 2066 வாக்கிலும் ஓசோன் படலம் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவு அறிவியல் குழு 2023-இல் தெரிவித்தது.

சி.எஃப்.சி. ஓசோனை மட்டும் அரிக்கவில்லை, புவியையும் கடுமையாகச் சூடாக்கியது. அதை நிறுத்தியதால் தவிர்க்கப்பட்ட வெப்பம், கியோட்டோ ஒப்பந்தத்தின் முதல் கட்ட இலக்கைவிடப் பல மடங்கு அதிகம் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். பருவநிலைக்காகவே போடப்பட்ட ஒப்பந்தத்தைவிட, ஓசோனுக்காகப் போடப்பட்ட ஒப்பந்தம் பருவநிலைக்கு அதிகமாக உதவியிருக்கிறது.

இது ஏன் வென்றது?

இதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு.

முதலாவது, நியாயமான பங்கீடு. வாயுவை அதிகம் பயன்படுத்திய பணக்கார நாடுகள் முதலில் நிறுத்த வேண்டும், வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசம் என்று முடிவானது. சி.எஃப்.சி. உற்பத்தியை நிறுத்த வளர்ந்த நாடுகளுக்கு 1996 வரையும், வளரும் நாடுகளுக்கு 2010 வரையும் காலம் தரப்பட்டது.

இரண்டாவது, பணம். 1990-இல் லண்டனில் நடந்த கூட்டத்தில் ஒரு பொது நிதி உருவாக்கப்பட்டது. ஏழை நாட்டுத் தொழிற்சாலைகள் புதிய தொழில்நுட்பத்துக்கு மாற ஆகும் கூடுதல் செலவை இந்த நிதி ஏற்றது. மாற்றுப் பொருளுக்கான செலவை யார் தருவது என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகு, 1992-இல் இந்தியாவும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

மூன்றாவது, விலகி நிற்பதற்கு விலை. ஒப்பந்தத்தில் சேராத நாடுகளோடு இந்தப் பொருள்களை வாங்கவோ விற்கவோ கூடாது என்று விதி வந்தது. வெளியே நின்று லாபம் பார்க்க வழி அடைபட்டது.

நான்காவது, கண்காணிப்பு. தடை செய்யப்பட்ட ஒரு வாயு காற்றில் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று 2018-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். கூடுதல் உமிழ்வின் பெரும்பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவதாக அடுத்த ஆண்டு தெரியவந்தது. நடவடிக்கைக்குப் பிறகு உமிழ்வு மீண்டும் குறைந்தது. காற்றை அளந்து பார்க்கும் கருவிகள் இல்லாமல் இருந்திருந்தால் இந்த மீறல் வெளியே தெரிந்திருக்காது.

பெட்ரோலும் நிலக்கரியும் இவ்வளவு எளிதில் கட்டுக்குள் வரவில்லை என்பது உண்மை. சி.எஃப்.சி.யைத் தயாரித்தவை சில நிறுவனங்கள் மட்டுமே. நிலக்கரியும் எண்ணெயும் அடுப்பு முதல் ஆலை வரை எல்லாவற்றிலும் கலந்திருக்கின்றன. அதனால்தான் 2015-இன் பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே நிர்ணயித்துக்கொள்ளும் முறை வந்தது. இந்தியா 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை எட்டுவதாக 2021-இல் அறிவித்தது. ஆனால் நியாயம், நிதி, மாற்று வழி, கண்காணிப்பு ஆகிய நான்கும் சேர்ந்தால் நாடுகள் வழிக்கு வரும் என்பதற்கு மாண்ட்ரியல் சாட்சியாக நிற்கிறது.

கிகாலி: இரண்டாவது சுற்று

சி.எஃப்.சி.க்கு மாற்றாக முதலில் ஹெச்.சி.எஃப்.சி. வந்தது. நம் ஊர் ஏசி மெக்கானிக்குகள் 'ஆர்-22' என்று சொல்வது இதில் ஒரு வகை. இதுவும் ஓசோனைக் கொஞ்சம் பாதித்ததால், அடுத்து ஹெச்.எஃப்.சி. வந்தது. 'ஆர்-410ஏ', 'ஆர்-134ஏ', 'ஆர்-32' ஆகியவை இந்தக் குடும்பம். இவை ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் இவற்றில் பல கடுமையானவை. ஒரு பிரச்சினையைத் தீர்க்க வந்தது அடுத்த பிரச்சினையாக நின்றது.

இதைச் சரிசெய்யவே 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் மாண்ட்ரியல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. ஹெச்.எஃப்.சி. வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதென முடிவானது. முழுமையாக நடைமுறைக்கு வந்தால் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் 0.5 டிகிரி வரை வெப்ப உயர்வைத் தவிர்க்கலாம் என்பது கணிப்பு. உலக வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தப் போராடும் காலத்தில் அரை டிகிரி என்பது பெரிய அளவு.

கிகாலி கால அட்டவணையில் நமக்கு நெருக்கமான ஒரு விவரம் இருக்கிறது. இந்தியாவும் சவூதி அரேபியா, அமீரகம், கத்தர், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளும் பாகிஸ்தான், ஈரான், ஈராக்கும் ஒரே பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. கடும் வெப்பத்தில் வாழும் இந்த நாடுகளுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. இந்தப் பிரிவுக்கு 2024 முதல் 2026 வரையிலான பயன்பாடு அடிப்படை அளவாகக் கொள்ளப்படுகிறது. 2028-இல் அந்த அளவோடு நிறுத்த வேண்டும். 2032-இல் 10 சதவீதம், 2037-இல் 20, 2042-இல் 30, இறுதியாக 2047-இல் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இந்திய அமைச்சரவை 2021 ஆகஸ்டில் இதற்கு ஒப்புதல் அளித்தது.

நம் சமுதாயத்தில் ஏசி தொழில் செய்யும் இளைஞர்கள் ஊரிலும் இருக்கிறார்கள், வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையாளும் பொருளின் எதிர்காலம் இந்த அட்டவணையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ரியாத்தில் இருப்பவருக்கும் ராமநாதபுரத்தில் இருப்பவருக்கும் கெடு ஒன்றே.

தொழில்நுட்பம் என்ன தருகிறது?

வாயுக்களின் வெப்பமூட்டும் திறனை, கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்து, நூறு ஆண்டுக் கணக்கில் ஒப்பிடுவார்கள். ஆர்-410ஏ 2,088. ஆர்-22 1,810. ஆர்-134ஏ 1,430. ஆர்-32 675. ஆர்-290 என்ற புரொப்பேனும், ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேனும் ஐந்துக்கும் கீழே.

இன்று கடைகளில் விற்கும் புதிய வீட்டு ஏசிகளில் பெரும்பாலானவை ஆர்-32. புரொப்பேனில் ஓடும் ஏசிகளும் இந்தியாவில் பல ஆண்டுகளாகத் தயாராகின்றன. வீட்டு ஃபிரிட்ஜுகளில் ஐசோபியூட்டேன் பரவலாகிவிட்டது. உங்கள் ஃபிரிட்ஜின் பின்புற ஸ்டிக்கரில் பாருங்கள், 'ஆர்-600ஏ' என்று இருக்கக்கூடும். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இந்த வகை ஃபிரிட்ஜ் வந்தபோது பலர் நம்பவில்லை. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் அது அமைதியாக ஓடுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் எரியக்கூடியவை, ஆர்-32-உம் ஓரளவு எரியும். அதற்கென வடிவமைத்த இயந்திரத்தில், அளவாக நிரப்பினால் பாதுகாப்பானவை. ஆனால் செலவைக் குறைப்பதற்காக, பழைய ஆர்-22 ஏசியில் எரியும் வாயுவை நிரப்பச் சிலர் துணிகிறார்கள். இது உயிருக்கு ஆபத்து. எந்தக் காரணத்துக்காகவும் இதை அனுமதிக்கக் கூடாது.

மின்சாரப் பக்கத்திலும் முன்னேற்றம் உண்டு. இன்வெர்ட்டர் ஏசி, கம்ப்ரஸரை முழு வேகத்தில் ஓட்டி நிறுத்தி மீண்டும் ஓட்டாமல், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. வளைகுடா நகரங்களில் ஒரே நிலையத்தில் தண்ணீரைக் குளிர்வித்து, குழாய் வழியே பல கட்டடங்களுக்கு அனுப்பும் முறை உள்ளது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு அமைக்க, 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. பகல் வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஏசியின் தேவையும் அதிகம், தகட்டின் மின்சாரமும் அதிகம்.

இந்திய அரசு 2019 மார்ச்சில் குளிரூட்டலுக்கென்றே ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2037-38-க்குள் குளிரூட்டல் தேவையை 20 முதல் 25 சதவீதமும், வாயுவின் தேவையை 25 முதல் 30 சதவீதமும், அதற்கான ஆற்றலை 25 முதல் 40 சதவீதமும் குறைப்பது இலக்கு. அந்தத் திட்டம் வெளியானபோது நாட்டில் நூறு வீடுகளில் ஏறத்தாழ எட்டில்தான் ஏசி இருந்தது. வரும் ஆண்டுகளில் பல கோடி ஏசிகள் புதிதாகச் சேரப்போகின்றன. நம் நாட்டு மக்கள் வெப்பத்தில் வாடக் கூடாது, அதே நேரத்தில் அந்தக் குளிர்ச்சி அடுத்த தலைமுறைக்கு நெருப்பாகவும் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நல்ல கொள்கை.

ஒரு கிலோ வாயுவின் கணக்கு

நம் கையில் நேரடியாக இருக்கும் விஷயத்துக்கு இப்போது வருவோம். ஒரு சாதாரண வீட்டு ஏசியில் ஏறத்தாழ ஒரு கிலோ வாயு இருக்கும். வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுகிறார்கள். குழாயை அவிழ்த்ததும் 'புஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வாயு காற்றோடு போய்விட்டது. பழைய ஏசியை எடைக்குப் போட்டாலும் இதே கதை. செம்புக் குழாயை வெட்டும்போது வாயு வெளியேறிவிடும்.

அது ஆர்-22 வாயுவாக இருந்தால், அந்த ஒரு கிலோ 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். யூனிட்டுக்கு 700 கிராம் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 2,600 யூனிட் மின்சாரம் தயாரிக்கும்போது வெளியாகும் அளவு. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பத்தின் ஓராண்டு மின்சாரத்துக்கு ஈடு. ஆண்டு முழுவதும் விளக்கை அணைத்து, ஃபேனை நிறுத்திச் சிக்கனம் பிடித்த பலன், அந்த ஒரு 'புஸ்' சத்தத்தில் போய்விடுகிறது.

இதைத் தடுப்பது கடினமல்ல. ஸ்பிளிட் ஏசியைக் கழற்றும் முன், குழாயிலும் உள்பெட்டியிலும் இருக்கும் வாயுவை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்துவைக்க முடியும். தொழிலில் இதைப் 'பம்ப் டவுன்' என்பார்கள். ஏசி ஓடும் நிலையில் இருந்தால் சில நிமிட வேலை. கம்ப்ரஸர் பழுதாகிவிட்டால், வாயுவை உறிஞ்சி சிலிண்டரில் சேமிக்கும் இயந்திரம் உண்டு. 'பம்ப் டவுன் செய்துவிட்டுத்தானே கழற்றுகிறீர்கள் தம்பி?' என்று நாம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால் தொழிலாளியும் கவனமாக இருப்பார். அவருக்கு ஆகும் கூடுதல் நேரத்துக்கு உரிய கூலியை மனம் கோணாமல் கொடுப்பது நம் கடமை.

இன்னொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. 'வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டும்' என்கிறார்கள். வாயு பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அது குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால், நம் பணமும் வாயுவும் சேர்ந்து காற்றில் போகின்றன. கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, நைட்ரஜனால் அழுத்தம் சோதித்து, குழாயில் உள்ள காற்றை வேக்கம் பம்ப்பால் எடுத்து, பிறகு எடைபோட்டு வாயுவை நிரப்புவதே முறை.

இந்தத் தொழிலில் இருக்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேசியச் செயல்திட்டம் ஒரு லட்சம் தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதை இலக்காக அறிவித்தது. எரியக்கூடிய புதிய வாயுக்கள் வரும் காலத்தில் சான்றிதழும் முறையான பயிற்சியும் உள்ளவருக்கே மதிப்பு கூடும். பயிற்சி முகாம் எங்கு நடந்தாலும் தவறவிடாதீர்கள். அது உங்கள் உயிர்ப் பாதுகாப்புக்கும் நல்லது, வருமானத்துக்கும் நல்லது.

வீடும் பள்ளிவாசலும்

ஏசி வாங்கும் முன்பே வீட்டின் சூட்டைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது சிறந்தது. மக்காவில் தவாஃப் செய்யும் தளத்தில் பதிக்கப்பட்டிருக்கும் வெண்பளிங்கு, கிரேக்கத்தின் தாசோஸ் தீவிலிருந்து வருவது. வெயிலைத் திருப்பி அனுப்புவதால் வெறுங்காலோடு நடக்க முடிகிறது. மினா, அரஃபா பகுதிகளில் சில சாலைகளுக்கும் இப்போது வெளிர்நிறப் பூச்சு அடிக்கிறார்கள். அதே தத்துவம் நம் மொட்டைமாடிக்கும் பொருந்தும். வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் பெயின்ட்டோ அடித்தால், கீழ் அறையின் சூடு சில டிகிரி குறையும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் முற்றம் வைத்துக் காற்றுக்கு வழிவிட்டவர்கள் நம் முன்னோர்கள். புது வீடு கட்டுவோர் அதையும் நினைவில் கொள்ளலாம்.

ஏசி அவசியம் என்றால், வாங்கும்போது நட்சத்திர எண்ணிக்கையோடு லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள். தரவரிசை அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. வாயுவின் பெயரையும் பாருங்கள். 2020 முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில் தொடங்குமாறு அரசு விதித்திருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 26-இல் வைத்து ஃபேனையும் ஓடவிட்டால் பலருக்கு அதுவே போதும். 18-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதை வீண்விரயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்குச் சில யோசனைகள். ஜும்ஆவுக்கு நிரம்பும் கூடம், மற்ற வக்துகளில் இரண்டு மூன்று வரிசைகளோடு நின்றுவிடுகிறது. அதற்காக முழுக் கூடத்தையும் குளிரூட்டத் தேவையில்லை. முன் வரிசைகளை மட்டும் கண்ணாடி அல்லது திரையால் பிரித்துக்கொள்ளலாம். பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, எந்த ஏசியில், எந்தத் தேதியில், எவ்வளவு வாயு நிரப்பப்பட்டது என்று எடையோடு எழுதித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். ஒரே ஏசிக்கு மீண்டும் மீண்டும் நிரப்புவது தெரிந்தால் கசிவு வெளிச்சத்துக்கு வரும். இது ஜமாஅத்தின் பணத்துக்கும் பாதுகாப்பு. ஏசி இல்லாத ஏழைகளும் முதியவர்களும் கடும் வெயில் நேரத்தில் வந்து இளைப்பாறப் பள்ளியின் ஒரு பகுதியைத் திறந்துவைத்தால், அந்த மின்சாரம் மிக நல்ல வழியில் செலவாகும்.

மார்க்கத்தின் பார்வையில்

பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் முள்ளை அகற்றச் சொன்ன மார்க்கம், கண்ணுக்குத் தெரியாத வாயுவை அவிழ்த்துவிடுவதை அலட்சியமாகப் பார்க்குமா? அந்த வாயுவால் கூடும் வெப்பம் நம் தெருவோடு நிற்பதில்லை. ஏசியே பார்க்காத ஒரு விவசாயியின் வயலிலும், அடுத்த ஹஜ்ஜில் வெயிலில் நடக்கும் ஒரு முதியவரின் தலையிலும் போய் இறங்குகிறது. இந்தப் பூமி நம்மிடம் தரப்பட்ட அமானிதம், நாம் அதன் உரிமையாளர்கள் அல்ல.

1987-இல் கூடிக் கையெழுத்திட்டவர்களில் பலர் ஓசோன் முழுமையாகத் திரும்பி வருவதைப் பார்க்கமாட்டார்கள். தொல்பா 2016-இல் காலமானார். 2066-இல் அந்தக் கூரை சீராகும்போது நம்மில் பலரும் இருக்கமாட்டோம். பலன் நம் பேரப்பிள்ளைகளுக்கு.

அடுத்த கோடை வருவதற்குள் இதைச் செய்வோம். வீட்டில் உள்ள ஏசி, ஃபிரிட்ஜ் ஸ்டிக்கரில் எந்த வாயு என்று பார்த்து எழுதிவைப்போம். சர்வீஸுக்கு வருபவரிடம் கசிவைப் பற்றியும் பம்ப் டவுன் பற்றியும் கேட்போம். பழைய ஏசியைக் கழிக்கும்போது வாயுவை முறையாக எடுத்துவைக்கத் தெரிந்தவரிடமே கொடுப்போம். நம் பள்ளிவாசலின் நிர்வாகக் கூட்டத்தில் இந்த விஷயத்தை ஒருமுறை எடுத்துவைப்போம்.

வெப்பத்தில் வாடும் மக்களுக்கு நிழலாக இருக்கவும், நம் வசதி பிறருக்குத் துன்பமாகாமல் பார்த்துக்கொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.